பாடகர் பாடாத படம்

"டப்பிங்ல பாத்துக்கலாம் சார்" என்று போன வாரம், இங்கே ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் கத்திவிட்டேன். துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்குக்குள் விளம்பரப் படப்பிடிப்பு. பேசிக்கொண்டிருந்த நடிகருக்குப் பின்னால் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று அலறிக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. அதை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, இந்தப் பொன்மொழியை உதிர்த்தார் நம் புது ஒலிப்பதிவாளர். நான் வேடிக்கை பார்க்கப் போன ஓய்வுபெற்ற ஆள். கொடுத்த சுலைமானி டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அந்தத் தம்பியிடம் நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. ஏன் கத்தினேன் என்பதை மட்டும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சில விஷயங்களில் ஆத்திரப்படாதவனுக்குப் புத்தி இருந்துதான் என்ன பிரயோஜனம்?

வளைகுடாவில் நான் பதிவு செய்யாத இரைச்சல் இல்லை. கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து பொறியாளர்களைப் பேச வைத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத் தோன்றியதே இல்லை. கஷ்டம், நம் ஊர் சினிமாக்காரர்களோடு வேலை செய்வது. படப்பிடிப்புத் தளத்தில் பதிவாகும் குரலை நம்மவர்கள் குரலாகவே மதிப்பதில்லை. எப்படியும் ஸ்டுடியோவில் போய் மறுபடி பேசத்தானே போகிறோம் என்ற நினைப்பு. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே "இந்தப் பக்கம் பாரு, இப்பத் திரும்பு, அப்படியே கண்ணு கலங்கட்டும்" என்று இயக்குநர் கத்துவார். நடிகர் அதைக் கேட்டுக் கேட்டுக் கலங்குவார். பக்கத்தில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குத் தலையெண்ணிக்கொண்டிருப்பார். இந்த லட்சணத்தில் என்னைப் போன்ற ஒருவனை மைக்கோடு எதற்கு நிற்க வைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவர்கள்தான் சில வருடங்களுக்கு முன் ராஸ் அல் கைமா பக்கத்துப் பாலைவனத்தில் ஒரு கௌபாய் படம் எடுக்க வந்தார்கள். தொப்பி, குதிரை, துப்பாக்கி எல்லாம் உண்டு. பேசுவது மட்டும் தமிழ். தயாரிப்பாளர் துபாயிலேயே இருப்பவர், கட்டிடச் சாரம் வாடகைக்கு விடும் தொழிலில் முன்னுக்கு வந்தவர். இயக்குநர் சென்னைப் பையன், முதல் படம். கதாநாயகன் யார் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் எல்லோரும் காரிலும் தொழிலாளர் கேம்ப் ரூமிலும் கேட்கிற காதல் பாட்டுகளில் பாதியைப் பாடியவர். அவர் பெயரை எழுத மாட்டேன், பாடகர் என்றே சொல்கிறேன். நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார்.

படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. முணுமுணுப்புகூடக் கூடாது, என் சொந்தக் குரலில் நான் பேசியதுதான் படத்தில் வர வேண்டும் என்று பாடகரே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். தாடி வளர்த்து, தோஹாவில் நடக்கவிருந்த பெரிய மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டு, குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். விளம்பரத்துக்காக அவரை தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு தமிழ் ஹோட்டலுக்கு அழைத்துப் போனபோது, புரோட்டா போடுகிறவர் கல்லை விட்டுவிட்டு வந்து கேட்டாராம்: "சார், குதிர மேல ஏறிக்கிட்டே பாடுவீங்களா, எறங்கிப் பாடுவீங்களா?" அதை அவர் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் நாளே நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன். ஒருவருடைய சட்டைக்குள் மைக் வைத்து நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் மனைவிக்குத் தெரியாததுகூட நமக்குத் தெரிந்துவிடும். அவர் குரல் மேலே போகும்போது நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனது. களைப்பு என்றால் காலையில் சரியாகிவிடும். இது காலையிலும் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் கண்டுகொண்டேன் என்பதை அவர் கண்டுகொண்டார். மைக் மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சிடுச்சா சார்?"

"தெரியுது சார்."

"டாக்டர் கைய விரிச்சுட்டார். மேல் ஸ்தாயி இனிமே இல்ல. என் பின்னாடி வாசிக்கிறவங்க பத்துக் குடும்பத்துக்கு மேல இருக்காங்க. இது வெளியே தெரியறதுக்குள்ள நான் வேற ஏதாவது ஆகணும். அதுக்குத்தான் இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்கறேன்."

ஊரே வேடிக்கையாகப் பார்த்த அந்தத் தொப்பிக்குள் இருந்தது இதுதான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருந்தது. கதாநாயகன் அண்ணனைத் தேடிப் பாலைவனம் கடந்து வருகிறான். வந்து சேரும்போது அண்ணன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஊர்க்காரர்கள் குழி தோண்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தம்பி உட்கார்ந்து பிணத்தோடு பேசுகிறான். அழ வேண்டும் என்றுகூட எழுதவில்லை. "எந்திரிண்ணே. குதிரை தண்ணி குடிக்காம நிக்குது. நீ ஊத்துனாத்தான் குடிக்கும்." இவ்வளவுதான் வசனம். இதைப் பேசத் தெரியாதவனிடம் கொடுத்தால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

அன்றைக்கென்று பார்த்துத் தயாரிப்பாளர் விருந்தினரைக் கூட்டி வந்தார். நாலைந்து பெரிய வண்டிகள், உள்ளே குடும்பம் குடும்பமாக நண்பர்கள். ஏசிக்காக வண்டிகளெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. ஆளாளுக்குக் கையில் போன். பிரியாணி அண்டாவைத் திறந்து மூடும் சத்தம் வேறு. பாடகர் தொலைவில் குதிரையின் கழுத்தைத் தடவியபடி நின்றார். அவர் சட்டைக்குள் இருந்த மைக்கில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. மேடை ஏறப் பயப்படுகிறவனின் மூச்சு அது. இத்தனை வருடம் மேடையில் நின்ற மனிதர் அவர்.

நான் இயக்குநரிடம் போய் "வண்டிங்கள அணைக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் தயாரிப்பாளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சார், அவர் கெஸ்டு... இப்ப அடையாளத்துக்கு பைலட் ட்ராக்கா எடுத்துக்கலாம், அப்பறம் டப்பிங்ல..." என்று இழுத்தார். அந்த வார்த்தையை அவர் முடிப்பதற்குள் நான் நேராகத் தயாரிப்பாளரிடம் போய்விட்டேன்.

"சார், உங்க ஆளுங்க வண்டிய அணைக்கணும். இல்லேன்னா திரும்பிப் போகணும்."

"என்னய்யா பேசுற? வெயில்ல லேடீஸ் உக்காந்திருக்காங்க. நீ உன் மைக்கப் புடிச்சுக்கிட்டு வேலையப் பாரு."

"இதுதான் சார் என் வேலை."

"காசு போடுறவன் நான்."

"போட்ட காசெல்லாம் இந்த ஒரு காட்சியிலதான் சார் இருக்கு. உங்க ஏசி சத்தத்துல அது போயிடும்."

அவர் முகம் சிவந்தது. எனக்கும்தான். நான் ஜெனரேட்டர் பார்க்கும் பட்டானைப் பார்த்து "பாய், பந்த் கரோ, கலாஸ்" என்று கத்தினேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு அணைத்தார். ஜெனரேட்டர் நின்றதும் கேரவனில் ஏசி நின்றது, விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த பெரிய ஃபேனும் நின்றது. வெளிச்சத்துக்குச் சூரியன் இருந்தது, கேமராவும் என் ஒலிப்பதிவுப் பெட்டியும் பேட்டரியில் ஓடின. வண்டிகளை நிறுத்தும்வரை நான் பதிவைத் தொடங்கப் போவதில்லை என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். என்னை அப்போதே வெளியே அனுப்பியிருக்கலாம். பதிலுக்கு ஆள் துபாயிலிருந்து வர வேண்டும், அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். அதனால் வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விருந்தினர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பிரியாணியை இன்னொரு தடவை சூடாக்கியிருக்கலாம்.

தம்பிகளே, தங்கைகளே, இதை நான் வீரம் என்று சொல்லவில்லை. சண்டை போடுவதானால் பதிவுக்கு முன்னால் போடுங்கள் என்கிறேன். கெட்டபின் போடும் சண்டை ஒப்பாரிக்குச் சமம்.

காட்சி ஓடியது. ஊர்க்காரர்களாக நின்றவர்கள் பக்கத்துக் கேம்ப்பிலிருந்து வெள்ளிக்கிழமை லீவில் வந்திருந்த நம் ஆட்கள். பாட்டுக்காரரைப் பார்க்கலாம் என்று வந்தவர்கள்தான். பாடகர் குதிரையிலிருந்து இறங்கி நடந்து வந்தார், மண்ணில் உட்கார்ந்தார். "எந்திரிண்ணே" என்றார். அந்த இடத்தில் குரல் விட்டுப்போனது. இத்தனை நாளாக அவர் ஒளித்துவைத்திருந்த விரிசல், ஒளிக்காமல் வெளியே வந்தது. குதிரை தண்ணி குடிக்கவில்லை என்று சொல்லும்போது, அண்ணனிடம் புகார் சொல்கிற சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. பிறகு மூச்சு மட்டும். யாரும் கத்தவில்லை, இயக்குநர்கூட. என் ஹெட்போனுக்குள் நான் கேட்ட அத்தனை குரல்களிலும் அதுதான் நல்ல நடிப்பு.

முடிந்ததும் கைதட்டல் எதுவும் இல்லை. மண்வெட்டியோடு நின்ற சிவகங்கைக்காரர் ஒருவர் பாடகர் பக்கத்தில் வந்து, "எங்கண்ணன் செத்தப்ப எனக்கு லீவு கெடைக்கலண்ணே. போன அவர் காதுல வெச்சுப் பேசச் சொன்னாங்க. இப்பிடித்தாண்ணே பேசுனேன்" என்றார். பாடகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விருதென்று ஒன்று உண்டென்றால் அதை அவர் அன்றைக்கே வாங்கிவிட்டார்.

இனிமேல்தான் என் வயிறு எரிகிற கதை.

படம் வெட்டி ஒட்டச் சென்னைக்குப் போனது. கொஞ்ச நாள் கழித்துத் தயாரிப்பாளர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"சவுண்டு சார், படத்த வாங்கி ரிலீஸ் பண்றவங்க பாத்தாங்க. அந்தச் சாவு சீன்ல குரல் கரகரன்னு கேக்குது, இது அவர் குரலே இல்லங்கிறாங்க. ரசிகனுக்கு அந்தப் பழைய குரல் வேணும்ல? பேசாம மாத்திடலாம்னு இருக்கோம். ஆனா அவரோட ஒப்பந்தத்துல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, பதிவு கெட்டாத்தான் குரல மாத்தலாம்னு இருக்கு. ஸ்பாட்டுல ரெக்கார்டிங் கெட்டுப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"கெட்டுப்போகல சார்."

"அட, சொன்னாக் கொறஞ்சா போயிடுவீங்க? அடுத்த படமும் உங்களுக்குத்தான்."

"சார், அந்தக் குரல்லதான் உங்க படமே இருக்கு. நான் சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். நான் சொல்லாததை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஒலிப்பதிவாளர் கெடுத்துவிட்டார், ஒன்றுமே தேறவில்லை என்று பாடகரிடமும் சொன்னார், துபாயில் எனக்கு வேலை கொடுக்கிறவர்களிடமும் சொன்னார். இயக்குநருக்கு உண்மை தெரியும். எனக்குப் போன் செய்து அழுதார். அழுது என்ன ஆகப்போகிறது? அவர் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் என் காது இல்லை.

பாடகரை டப்பிங்குக்கும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் பழைய குரல் வராது என்று அதற்குள் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். வளைகுடா மேடைகளில் நட்சத்திர இரவுகளில் மிமிக்ரி செய்வார்களே, அவர்களில் பாடகரின் குரலை அச்சாகப் பேசுகிற ஒருவரைப் பிடித்தார்கள். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், வயிற்றுப்பிழைப்பு. சாவு வீட்டில் பேச வேண்டியதை அவர் காதல் பாட்டுக் குரலில் பேசிக் கொடுத்தார். குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பிய்த்துத்தான் போடும். இவர்கள் பிய்த்துப் போட்டுவிட்டு அதற்கு சென்ட் வேறு அடித்தார்கள்.

படம் வெளிவருவதற்கு முன் துபாயில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு காட்சி போட்டார்கள். எனக்கு அழைப்பில்லை. இயக்குநர் குற்ற உணர்ச்சியில் ஒரு டிக்கெட் கொடுத்திருந்தார். பாடகர் எனக்கு மூன்று வரிசை முன்னால் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. திரையில் உதடு வறண்ட ஒரு மனிதன் மண்ணில் உட்கார்ந்து "எந்திரிண்ணே" என்கிறான். கேட்பதோ சர்க்கரைப் பாகு. எனக்குப் பின்னால் ஒரு அம்மா "பேசினாலே பாட்டு மாதிரி இருக்குல்ல?" என்றார். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடுத்த வரிசைக்குத் தாவியது. பாடகர் திரும்பவே இல்லை. அவர் மனைவி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஷார்ஜாவில் என் வீட்டுக்கு அவரே வந்தார். சாயா குடிக்கவா வந்திருப்பார்? வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அந்த ஒரு சீனைக் காப்பாத்தித் தரக்கூடாதா?"

பேசினால் அன்றைக்கு என் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. படம் வெளியாகும்வரை ஒலிப்பதிவின் ஒரு பிரதி பதிவு செய்தவரிடமே இருக்கும், வெளியானபின் அழித்துவிட வேண்டும். இது நம் தொழில் வழக்கம். வெளியாக இன்னும் நாள் இருந்தது. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவரைக் கீழே என் காருக்கு அழைத்துப் போனேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம். காரில் கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் அணைத்துவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன்.

கேட்டார். வேர்வை கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் தடவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

"சார், இத வெளிய கொண்டு வருவோம். உங்க ஒப்பந்தம் உங்க பக்கம் இருக்கு. ரெக்கார்டிங் கெடலைங்கிறதுக்கு இதுதான் சாட்சி. உங்க பேரும் நிக்கும், என் பேரும் நிக்கும். இன்னைக்கே வக்கீலப் பாப்போம்."

அவர் மடியில் இருந்த ஹெட்போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வேணாம் சார். அழிச்சிடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"இத ஒருத்தன் கேட்டாப் போதும். நடிப்பையா கேப்பான்? குரல் போச்சுன்னுதான் கேப்பான். நேத்து ராத்திரியே அபுதாபியில ஒரு புரோகிராம் பேசிட்டாங்க. படத்துல குரல் அப்படியே இருக்குன்னு சொல்லித்தான் பேசுனாங்க. பழைய ட்ராக்க ஓடவிட்டு வாயசைச்சு எப்படியோ ஒப்பேத்திடுவேன். என் பின்னாடி வாசிக்கிற பசங்களுக்கு ஒரு வருஷம் ஓடும். அதுக்குள்ள அவங்களுக்கு வேற வழி பண்ணணும்."

"அப்ப நீங்க நடிச்சது?"

"நடிச்சேன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். போதாதா?"

"போதாது!" என்று கத்தினேன். மூடிய காருக்குள் எனக்கே காது அடைத்தது. தயாரிப்பாளர் மேல் கோபம், இயக்குநர் மேல் கோபம், சிரித்தவர்கள் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, தன் கையாலேயே தன்னைப் புதைக்கச் சொல்லும் இந்த மனிதர் மேல்தான் அதிகக் கோபம். போகப்போவது அவருடைய காட்சி மட்டுமில்லை. நான் வேலையைக் கெடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்ததும் அது ஒன்றுதான். அதை அவரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை பேர் கைதட்டிய மனிதர் என் காருக்குள் வேர்த்து வழிந்து கும்பிடுகிறார். நான் என்ன செய்ய?

"என் கையால அழிக்க மாட்டேன் சார். உங்க குரல். நீங்களே அழிங்க."

எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அழுத்தினார். உறுதியா என்று பெட்டி ஒரு தடவை கேட்டது. அதற்கும் அழுத்தினார். எனக்கு அதற்குப் பிறகு பெரிய படம் ஒன்றும் வரவில்லை. கெடுத்தவன் என்ற பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். பாடகர் போன வருடம் மேடையிலேயே உண்மையைச் சொல்லி விடைபெற்றார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தத் தயாரிப்பாளரை எங்காவது பார்த்தால் என் ரத்தம் கொதிக்கிறது, கொதிக்கட்டும்.

அன்றைக்கு அவர் உடனே இறங்கவில்லை. கார் கதவில் கை வைத்தவர், கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் காட்சியை, முதல் வார்த்தையிலிருந்து கடைசி மூச்சுவரை, எனக்காக மறுபடி ஒரு தடவை பேசிக் காட்டினார். குதிரை இல்லை, மண் இல்லை, தொப்பி இல்லை. பாலைவனத்தில் பேசியதைவிட நன்றாக இருந்தது. ரெக்கார்டர் என் மடியில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

இருவரும் இறங்கினோம். எதிரில் இருந்த குரோசரிக் கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு, தண்ணீர் கேன்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் போனை நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

"சார், ரெண்டே ரெண்டு வரி பாடுங்க சார்."

பாடகர் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"ஜலதோஷம் தம்பி" என்றார்.